எந்த மணியை அடிப்பாள் அந்தத் தாய்?



மனுநீதிச் சோழன் கதை தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பீர்கள். மாறுவேடப் போட்டியில் யாராவது ஒரு பையன் அட்டைக் கிரீடத்தோடு மேடை ஏறியிருப்பான். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்கு வந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அடித்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். பெருமான் எழுந்தருளி இறந்த உயிர்களை எல்லாம் மீட்டுக் கொடுத்தார். கதை இவ்வளவுதான்னு நினைச்சுத் தாண்டிப் போயிடறோம்.

ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் நடுவில் ஒரு காட்சியை வைத்திருக்கிறார். அமைச்சர்கள் அரசனிடம் வந்து, இது தெரியாமல் நடந்த தவறு, இதற்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. நாமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். அரசன் ஒப்பவில்லை. நீங்கள் சொல்கிற பரிகாரம் அந்தப் பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று கேட்கிறான். பசு படும் துன்பத்தைத் தானும் பட வேண்டும் என்பது அவன் முடிவு. தேர், மகன், தண்டனை எல்லாம் அப்புறம் வருகிறது. அதற்கு முன்னால், ஒரு மாட்டின் புத்திர சோகமும் ராஜாவின் புத்திர சோகமும் ஒரே எடைதான் என்று அவன் ஒப்புக்கொண்டான் பாருங்க, அந்த இடத்தை மனசுல வச்சுக்கோங்க. இன்றைக்கு நான் பேச வந்தது வேறொரு தாயைப் பற்றி.

2018 ஜூலை 24. வட அமெரிக்காவின் மேற்குக் கரை, கனடாவின் விக்டோரியா நகரத்துக்குப் பக்கத்துக் கடல். ஜே 35 என்று ஆய்வாளர்கள் எண் கொடுத்திருக்கும் ஓர்க்கா திமிங்கிலம் ஒன்று பெண்குட்டி ஈன்றது. தாலிக்குவா என்றும் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. குட்டி அரை மணி நேரம் போல உயிரோடு இருந்து செத்துப்போனது. அவள் அதைக் கடலில் விட்டுவிட்டுப் போகவில்லை. தலையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நீந்தினாள். நழுவி விழுந்தால் மூழ்கிப்போய் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 17 நாள். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கூட்டத்து மற்றத் திமிங்கிலங்கள் கூடவே போயின. 2024 டிசம்பர் கடைசியில் இன்னொரு குட்டியும் பிறந்த கொஞ்ச நாளில் இறந்தது. மறுபடியும் அதே மாதிரி சுமந்தாள்.

இதைத் துக்கம் என்று சொல்லலாமா கூடாதா என்று சிலர் இன்னும் விவாதிக்கிறார்கள். திருவாரூர் அரசனுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஓர்க்காவைக் கொலைகாரத் திமிங்கிலம் என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் அது டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது. பெரிய திமிங்கிலங்களையே கூட்டமாக வேட்டையாடும் ஓர்க்காக்கள் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. (திமிங்கிலம் என்ற வடசொல்லுக்குப் பொருளே, திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்பதுதான். நம் புராணங்களில் வரும் பெயர். யோசிச்சுப் பார்த்தா ஓர்க்காவுக்குத்தான் அது ரொம்பப் பொருத்தம்.) கடலில் திரியும் ஓர்க்கா ஒரு மனிதரைக் கொன்றதாக இதுவரை பதிவு இல்லை. ஸ்பெயின் பக்கம் படகுகளை முட்டுகிற வீடியோ எல்லாம் வாட்சாப் குழுவில் வந்திருக்கும். அங்கேயும் படகு மூழ்கியிருக்கிறதே தவிர ஆள் யாரையும் அவை கொன்றதில்லை.

ஜே 35 சேர்ந்த கூட்டம் மீனை மட்டுமே தின்பது, அதிலும் பெரும்பாலும் சினூக் சால்மன். அங்கே பிள்ளைகள், ஆணானாலும் பெண்ணானாலும், தாயை விட்டு ஆயுசுக்கும் பிரிவதில்லை. கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனம் போகிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு குடும்பக் கூட்டத்துக்கும் தனி ஒலி, தனி வழக்கு. நம்மில் பேராக் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் வித்தியாசம் கேட்கிறதில்லையா, அந்த மாதிரி. குட்டி அதைத் தாயிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. பேறு நின்ற பிறகும் பாட்டித் திமிங்கிலங்கள் பல்லாண்டு வாழ்கின்றன. சால்மன் குறைந்த வருஷங்களில் முன்னால் நீந்தி வழிகாட்டுவது பெரும்பாலும் அந்தப் பாட்டிமார்தான். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 30 வயதைத் தாண்டிய ஆண் ஓர்க்காவுக்குத் தாய் இறந்துவிட்டால், அடுத்த ஒரு வருஷத்துக்குள் அதுவும் இறந்துபோகும் அபாயம் 14 மடங்கு ஏறுகிறது. முப்பது வயசுப் பையன், அம்மா போனதும் போயிடறான்.

இப்படிப்பட்ட குடும்பத்தைத்தான் 1970 ஆகஸ்டில் வலை போட்டு வளைத்தார்கள். இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற சிறு குடா. விரைவுப் படகு, மேலே விமானம், நீரில் வெடி. குட்டி இல்லாத பெரிய ஓர்க்காக்கள் படகுகளைத் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போக, தாய்மார்கள் குட்டிகளோடு மூழ்கி வேறு பக்கம் தப்பப் பார்த்தார்கள் என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூச்சு விட மேலே வந்துதானே ஆகணும்? விமானத்திலிருந்து பார்த்துவிட்டார்கள். 80 ஓர்க்கா அளவுக்கு அன்று வளைக்கப்பட்டது. குட்டிகளை மட்டும் பிரித்து, ஏழு குட்டிகளைக் கொண்டுபோனார்கள். வலைக்கு வெளியே விடப்பட்ட பெரியவை ஓடிப்போகவில்லை. குட்டிகளைத் தூக்கி ஏற்றும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டு கத்தின. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த குட்டிகளும் உண்டு. ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பிக் கடலில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் உடல்கள் வெளியே வந்துவிட்டன.

பிடிபட்ட ஏழில் ஒன்று நாலு வயசு போலிருந்த பெண். முதலில் தோக்கிட்டே என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் மறு கோடியில் மையாமி நகரத்துப் பூங்காவுக்கு விற்கப்பட்டு, மேடைக்கு லொலிட்டா என்ற பெயரில் வந்தாள். அவள் இருந்த தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம், ஆழமான இடத்தில் 20 அடி. நம்ம மூணு பேட்மின்டன் கோர்ட்டைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் உடம்பே ஏறக்குறைய 20 அடி. செங்குத்தாக நின்றால் வால் தரையைத் தொடும். கடலில் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய உயிர். கூட இருந்த ஹ்யூகோ என்ற ஆண் ஓர்க்கா தொட்டிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளும். 1980இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இன்னொரு ஓர்க்காவின் முகத்தையே அவள் பார்க்கவில்லை. தன் குடும்பத்தின் அழைப்பொலியை மட்டும் மறக்கவில்லை என்று அவளைக் கவனித்தவர்கள் சொன்னார்கள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

சமய வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கேள்வி தவறாமல் வரும். ஒன்று: “அதுக்கு நேரா நேரத்துக்குச் சாப்பாடு போடறாங்க, டாக்டர் வந்து பார்க்கறாரு. கடல்ல பட்டினி கிடக்கறத விட இது மேல் இல்லையா?” இரண்டாவது, கொஞ்சம் சமயம் படித்த பிள்ளைகள் கேட்பது: “அது போன ஜென்மத்துல என்ன பண்ணுச்சோ, அதோட வினையை அது அனுபவிக்குது. நாம என்ன செய்ய முடியும்?”

இரண்டுக்குமே நம் சைவ சித்தாந்தத்தில் பதில் இருக்கிறது. முதல் கேள்விக்கு வருவோம். உயிர்கள் வினையைக் கழித்துப் பக்குவப்பட இறைவன் நான்கைக் கூட்டிக் கொடுக்கிறான் என்று படித்திருக்கிறோம்: தனு, கரணம், புவனம், போகம். தனு உடம்பு. கரணம் மனம் முதலான கருவிகள். புவனம் வாழ வேண்டிய உலகம். போகம் அங்கே அது அனுபவிக்க வேண்டிய இன்ப துன்பம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துபோன சொற்கள். இப்ப அதை அந்தத் தொட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பூங்காக்காரர் எதைக் காப்பாற்றுகிறார்? தனுவை மட்டும். மீனும் மாத்திரையும் தனுவுக்கு. புவனம் எங்கே? பறித்தாயிற்று. கரணம்? ஓர்க்கா ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இருட்டுக் கடலில் மீன் எங்கே பிள்ளை எங்கே என்று அறியும். நாலு சுவருக்குள் ஒலி எழுப்பி எதைத் தேடும்? போகம்? பிள்ளை வளர்ப்பது, பாட்டி பின்னால் போவது, மீன் கிடைத்தால் பகிர்ந்து தின்பது, கிடைக்காவிட்டால் பசிப்பது. பசியும் அதன் போகத்தில் சேர்ந்ததுதான். நாலில் மூன்றைப் பிடுங்கிவிட்டு மிச்சம் ஒன்றுக்கு நல்லா சோறு போடறோம்னு சொல்றது எப்படிங்க உபகாரம் ஆகும்?

வினைக் கேள்விக்குத் திருவாரூருக்கே திரும்பிப் போகலாம். அரசனுக்கு வினைக் கொள்கை தெரியாதா? கன்று தன் வினையால் செத்தது என்று சொல்லிப் பசுவைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. கன்றின் வினை கன்றோடு. தேர் யாருடையது என்பதுதான் அவன் கேள்வியாக இருந்தது. இன்னொரு உயிரின் வினைக் கணக்கைப் பார்க்கும் வேலையை இறைவன் நமக்குக் கொடுக்கவே இல்லை.

மூன்றைப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு திலிக்கும் என்ற ஆண் ஓர்க்கா சாட்சி. 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் ஏறக்குறைய இரண்டு வயசில் பிடிக்கப்பட்டது. 1991, 1999, 2010 என்று மூன்று மனித மரணங்களில் அதன் பெயர் வந்தது. அதன் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். தொட்டியில் வளர்ந்த ஆண்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கடலில் அதை அரிதாகவே பார்க்கலாம். 2013இல் வந்த பிளாக்ஃபிஷ் என்ற ஆவணப்படம் அதன் கதையைச் சொன்னது. மக்கள் டிக்கெட் வாங்குவது குறைந்தது. 2016 மார்ச்சில், இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்விக்க மாட்டோம் என்று சீவேர்ல்ட் நிறுவனம் அறிவித்தது. திலிக்கும் 2017 ஜனவரியில் இறந்தது. கனடா 2019இல் திமிங்கிலம், டால்பின்களை வேடிக்கைக்கு அடைத்து வைப்பதற்கு எதிராகச் சட்டமே போட்டுவிட்டது. இந்தியா அதற்கும் முன்னால், 2013இலேயே டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அந்த அரசுச் சுற்றறிக்கை இவற்றை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று பேசுகிறது. அதிகாரிகள் ஒரு புதுச் சொற்றொடரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, பாவம். நம்மிடம் பழைய சொல் ஒன்று மூன்றே எழுத்தில் இருந்தது: உயிர், சொல்லிப் பார்த்தால் ஒரே மூச்சு.

இதையெல்லாம் பேசும்போது யாராவது எழுந்து, அப்ப கோயில் யானைக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். யானையும் தாய்வழிக் குடும்பமாக வாழ்வதுதான், நடந்தே பழகிய உயிர்தான். காலில் சங்கிலியோடு கருங்கல் தரையில் நிற்கும் யானைக்கும் மேலே சொன்ன நாலு சொல்லையும் வைத்துப் பாருங்கள். மையாமிக்கு ஒரு நியாயம், நம்ம ஊர்க் கோபுரத்துக்கு ஒரு நியாயம் என்று மனுநீதி பேச முடியாது.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டில் ஓர்க்காத் தொட்டி இல்லைதான். ஆனால் சாலமன் தீவுகளில் பிடித்த டால்பின்களைச் சிங்கப்பூர் செந்தோசாவுக்குக் கொண்டுபோகும் முன் சிலவற்றை லங்காவியில்தான் வைத்திருந்தார்கள். 2010இல் இரண்டு அங்கேயே இறந்தன. அதைவிட நேரான சம்பந்தம் உங்கள் ஸ்கூல் ஹாலிடேயில் இருக்கிறது. ஷாங்காய், சூஹாய், ஜப்பானில் கோபே, கமோகாவா. இந்த ஊர்களில் எல்லாம் ஓர்க்கா இருக்கிறது. சீனாவில் உள்ளவற்றில் பல ரஷ்யாவின் ஒக்கோட்ஸ்க் கடலில் தாயிடமிருந்து பிரித்துப் பிடித்தவை. கோபேயின் புதுக் காட்சியகம் 2024 ஜூனில்தான் திறந்தது. நம் குடும்பங்கள் வெள்ளி சேர்த்து வைத்துப் போகிற டூரில் இவை ஒரு நாள் நிகழ்ச்சியாக வந்துவிடுகின்றன. அம்மா அப்பா ஆசையாகக் கூட்டிப்போவார்கள், தங்கச்சி முன்வரிசையில் நனைய வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அந்த இடத்தில் நீங்கள்தான் வீட்டில் பேச வேண்டியவர்கள். அப்பாவிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுங்கள். தங்கச்சிக்கு ஜே 35 கதையைச் சொல்லுங்கள், அவளே கேட்பாள்.

உடனே எல்லாத் தொட்டியையும் திறந்துவிடு என்றும் நான் சொல்ல மாட்டேன். தொட்டியிலேயே பிறந்தவற்றுக்கு வேட்டை தெரியாது, எந்தக் குடும்பத்தின் ஒலியும் முழுசாகத் தெரியாது. கெய்க்கோ என்ற ஓர்க்காவை ஒரு சினிமா புகழ்பெறச் செய்தது. 1979இல் பிடிபட்ட அதைப் பெருஞ்செலவில் 1998இல் ஐஸ்லாந்துக் கடலுக்கே திரும்பக் கொண்டுபோனார்கள். 2002இல் அது நார்வே வரை தானாக நீந்திப் போனது. ஆனால் கடல் ஓர்க்காக் கூட்டத்தோடு நிலையாகச் சேரவில்லை, மனிதரைத் தேடித்தான் வந்தது. 2003 டிசம்பரில் இறந்தது. அறுத்த உறவை அவ்வளவு சுலபமாக ஒட்ட முடியாது. ஆகவே புதிதாகப் பிடிக்காதே, தொட்டியில் குட்டி ஈனச் செய்யாதே, இருப்பவற்றுக்குக் கடலிலேயே வேலியிட்ட பெரிய இடம் கொடு என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள். மக்கள் கேட்டால் நடக்கும். ரஷ்யாவில் நகோட்கா அருகே கூண்டுகளில் அடைத்து வைத்திருந்த 10 ஓர்க்காக்களை, உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு, 2019இல் கடலில் விட்டார்கள்.

கடலில் இருப்பவையாவது சுகமாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. ஜே 35 சேர்ந்த தென்பகுதிக் கூட்டத்தில் இன்று எழுபதைச் சுற்றித்தான் எண்ணிக்கை. 1960, 70களில் குட்டிகளைப் பிடித்துப் போனதில் ஒரு தலைமுறையே விட்டுப்போனது. அதன் மேல் ஆறுகளில் அணை கட்டியதால் சால்மன் குறைந்தது, கப்பல் இரைச்சல், நீரில் ரசாயனம். பட்டினி கிடக்கறத விட தொட்டி மேல் இல்லையா என்று கேட்ட தம்பிக்கு இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டினியும் பெரும்பாலும் மனிதன் போட்டதுதான். கலிபோர்னியா, ஓரிகன் எல்லையில் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை, அங்குள்ள பழங்குடி மக்கள் பல வருஷம் போராடி, 2024இல் இடிக்க வைத்தார்கள். இடித்த சில வாரங்களில், அணைகள் மறித்திருந்த மேல்பகுதியில் சால்மன் தென்பட்டது.

தோக்கிட்டேயின் கதையை முடிக்கவில்லை. வாஷிங்டன் கரையில் வாழும் லம்மி பழங்குடியினர் ஓர்க்காவை அலைக்கு அடியில் வாழும் தங்கள் சொந்தக்காரர் என்றே அழைக்கிறார்கள். அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பு என்று பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். 2023 மார்ச்சில், அவளைப் பிறந்த கடலுக்குக் கொண்டுபோகும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 18ஆம் தேதி அவள் தொட்டியிலேயே இறந்தாள். தொட்டியில் மொத்தம் ஐம்பத்து மூன்று வருஷம்.

செப்டம்பரில் லம்மி மக்கள் அவள் சாம்பலை வாங்கிப்போய்ப் பிறந்த கடலில் கரைத்தார்கள். அஸ்தி கரைக்கப் படகில் போயிருக்கும் நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தாய் என்று கருதப்பட்ட கிழவி, எல் 25, அப்போதும் அந்தக் கடல் கூட்டத்தில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தாள்.